தாயாருக்கு ஒரு கேக்

அடுப்பைப் பற்றி எழுதும் யோக்கியதை எமக்கு இல்லை. நாற்பத்து நான்கு ஆண்டு காலம் அடுப்பங்கரை தந்ததையெல்லாம் உண்டு வளர்ந்தோமேயன்றி, எரியும் கொள்ளி ஒன்றை உள்ளே தள்ளி வைத்ததில்லை. எனினும் 2022 ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய வாரத்தில், மன்னார்த் தீவின் பேசாலையிலே, எம் வீட்டின் பின்புறத்தில், எம் தாயாருக்காக நாம் ஒரு கேக் அடித்தோம்.

தொடக்கம் எமது வாய்த்துடுக்குத்தான். கை நடுக்கம் கண்டபின் தாயார் கேக் அடிப்பதை விட்டிருந்தார். எமது துணைவியார் அப்பொறுப்பை ஏற்றிருந்தார். அவரோ தையல் தொழில் செய்பவர். ஊர்ப் பிள்ளைகளின் நத்தார் உடுப்புகள் எல்லாம் மேசைமேல் மலைபோலக் குவிந்து கிடந்தன. இவ்வாண்டு கேக் இல்லை என்று அவர் சொன்னபோது, "கேக் இல்லாமல் என்ன நத்தார்?" என்றோம். அவர் தையற் பொறியை நிறுத்தாமலே, "அப்ப நீங்களே அடியுங்கோ" என்றார். அதிலே கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதேனும் பதில் சொல்லித் தப்பியிருப்போம்.

அவ்வாண்டு எத்தகையது என்பதை இலங்கையர் எவரும் மறக்கமாட்டார். செப்டெம்பர் மாதத்தில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 வீதம் என அரசின் புள்ளிவிபரத் திணைக்களமே அறிவித்தது. மண்ணெண்ணெய் கிடையாமையால் எம் கரையின் வள்ளங்கள் பல மணலில் கிடந்தன. மார்ச் 22 ஆம் நாளன்று யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் சேர்ந்த 16 பேர், கைக்குழந்தை உட்பட, கடல் கடந்து தனுஷ்கோடிப் பக்கம் கரையேறினர். துப்பாக்கிக்கு அஞ்சி அந்தக் கடலைத் தாண்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அரிசி விலைக்கும் பால்மா விலைக்கும் அஞ்சித் தாண்டியவர்களை அன்றுதான் கேள்வியுற்றோம். இத்தகைய ஆண்டிலே கேக் ஒரு கேடா என்று வாசகர் வினவலாம். நாமும் வினவினோம். ஆனால் எண்பதை நெருங்கும் ஒரு மூதாட்டிக்கு இன்னும் எத்தனை நத்தார் மிச்சம் என்ற கணக்கும் உள்ளதல்லவா?

தாயாரிடம் அளவு கேட்டோம். "ரவை ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், மாஜரின் முக்கால், முட்டை பத்து" என்று செபம் சொல்வதுபோலச் சொன்னார். முட்டைக்கு அரசு உச்சவிலை விதித்ததும் கடைகளில் முட்டையே அரிதாயிற்று. அயல் வீடுகளிற் சேர்த்தவை ஐந்து. ஆகவே யாவற்றையும் பாதியாக்கினோம். சீனியிலும் பாதியைக் குறைத்து, வீட்டிலிருந்த பனங்கட்டிக் குட்டான்களை உடைத்துப் போட்டோம். பனை எம் தீவின் செல்வம். சீனி கப்பலில் வருவது. சிக்கனமும் சுதேசியமும் ஒன்றாகிவிட்டதாக எண்ணிப் பெருமையும் கொண்டோம். அறியாமைக்குத்தான் எத்தனை கொள்கைகள்!

"எவ்வளவு நேரம் அடிக்கிறது, அம்மா?"

"பதம் வருமட்டும்."

"பதம் வந்தது எப்படித் தெரியும்?"

"கைக்குத் தெரியும், தம்பி."

எமது கைக்குத் தெரிந்தது நோவு ஒன்றே. மர அகப்பையை ஒரே பக்கமாகச் சுழற்றி ஒரு மணி நேரம் அடித்தோம். எத்தனை முறை கை மாற்றினோம் என்ற கணக்கு இல்லை. சீனியின் பருக்கைகள் கொழுப்பினுள்ளே நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. சூட்டிலே அவை விரியும்போதுதான் கேக் எழும்புகின்றது. ஈரப்பசையுள்ள பனங்கட்டி இவ்வேலையைச் செய்யாது. இதனைப் பின்னரே கற்றோம். தாயாருக்கு இது எழுபது வருடமாகத் தெரியும். ஆனால் நாம் பனங்கட்டி போட்டதை அவரிடம் சொல்லவில்லை.

எரிவாயுவைச் சிக்கனப்படுத்த எண்ணி, அவருடைய பழைய முறையிலேயே சுட்டோம். பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, தகர மூடியால் மூடி, மூடியின் மேலும் சட்டியின் கீழும் சிரட்டைத் தணல் இட வேண்டும். மேல் நெருப்பு மிகுந்தால் முகம் கருகும்; கீழ் நெருப்பு மிகுந்தால் அடி கருகும். காற்று கடலிலிருந்து வீசி, தணலைத் தன் விருப்பம்போல் ஊதிக்கொண்டிருந்தது.

அந்தப் புகையின் நடுவே எமக்கு மடு நினைவுக்கு வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மன்னார்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மடு மாதா கோவில் வளவிலே தஞ்சம் புகுந்தனர். ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு அங்கும் பேசாலையிலும் நிலையங்கள் நடத்தியது. எமக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவ்வாண்டு நத்தாருக்கு நிவாரண மாவையும் சீனியையும் கொண்டு, முட்டையும் இல்லாமல் வெண்ணெயும் இல்லாமல், தாயார் ஏதோ ஒன்றைச் சுட்டுத் தந்தார். அதைக் கேக் என்றே தின்றோம். விறகு எங்கே பொறுக்கினார், அந்த மாவை எந்த நாளின் உணவிலிருந்து மிச்சம் பிடித்தார், தான் ஒரு துண்டேனும் தின்றாரா என்று நாம் கேட்டதே இல்லை. பேக்கரியில் விற்கும் கேக் நாட்டின் வருமானக் கணக்கிலே ஏறுகிறது. வீட்டிலே ஒரு பெண் அடிக்கும் கேக் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. பொருளியல் நூல்கள் இதை விட்டுவிட்டன என்று மேடைகளிலே குறை கூறியவர்கள் நாம். எம் வீட்டுக் கணக்கிலும் அது விடுபட்டிருந்ததை அந்தச் சட்டியடியில் குந்தியிருந்தபோதுதான் உணர்ந்தோம்.

"தம்பி, அடி பிடிக்குது!"

உள்ளே கட்டிலிற் கிடந்தபடியே தாயார் கூவினார். கண் மங்கியவருக்கு மூக்கு மங்கவில்லை. ஓடிச்சென்று மூடியைத் தூக்கினோம். அடி கருகி, நடு அமுங்கி, கரும்பழுப்பு நிறத்தில் அது கிடந்தது. ஈர்க்கைக் குத்திப் பார்த்தோம்; நடுவில் பசை ஒட்டியது. மீண்டும் மேலே தணல் போட்டோம்.

மாலையிலே ஒரு துண்டை அவர் வாயில் வைத்து நெடுநேரம் மென்றார். துணைவியாரும் தைப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"பனங்கட்டி போட்டனியோ?"

ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்தார். இன்னொரு துண்டு கேட்டார். பின்பு, கருகாத பக்கமாகப் பார்த்து வெட்டி, எருக்கலம்பிட்டி வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பச் சொன்னார். அவ்வீட்டார் 1990 ஒக்டோபரில், வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் போனவர்கள். தாயாரின் நத்தார்த் தட்டு அதன்பின் இருபது ஆண்டுகள் அந்த வாசலுக்குப் போகவில்லை. யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பிய பிறகே மறுபடி போகத் தொடங்கியது. இந்தக் கருகலை அங்கே அனுப்புவதா என்று தயங்கினோம்.

"மகன் அடிச்சது எண்டு சொல்லிக் குடு. ஒண்டும் நினைக்க மாட்டினம்," என்றார். சற்றுப் பொறுத்து, "வாற முறை மணலைக் கூடப் போடு. பனங்கட்டியைக் குறை" என்றார்.