வாஸா: சொல்லாமல் விட்ட சொல்

நுழையும்முன்

கப்பல் ஒன்று மூழ்கினால் காற்றின்மீதும் அலையின்மீதும் பழி சுமத்துவது எளிது. சுவீடன் நாட்டின் ‘வாஸா’ என்னும் போர்க்கப்பலின் வரலாறோ, பிழையை மனிதரிடத்தில் தேடச் செய்கிறது.

கரையருகே ஒரு முடிவு

கடல் கொண்ட கப்பல்களின் வரலாறுகளைப் படிப்பதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. புயலில் சிதைந்தவை, பாறையில் மோதியவை, பனிமலையில் இடித்தவை என அவை பலவகைப்படும். அவற்றுள் என் நெஞ்சைவிட்டு அகலாதது வாஸா. புயலும் பாறையும் பனிமலையும் இன்றித் துறைமுகத்திற்குள்ளேயே அது மூழ்கியது.

1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள். ஸ்டாக்ஹோம் கரையில் மக்கள் திரண்டு நின்றனர். 64 வெண்கலப் பீரங்கிகளைத் தாங்கிய புதிய கப்பல், வணக்கம் செலுத்தும் வேட்டுகளை முழங்கியவாறு புறப்பட்டது. மெல்லிய காற்று ஒன்று வீசியது. கப்பல் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்த காற்றில் மீண்டும் சாய்ந்தது; இம்முறை நிமிரவில்லை. திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்களின் வழியே கடல் உள்ளே புகுந்தது. ஏறத்தாழ 1300 மீட்டர் தொலைவே சென்ற அக்கப்பல், பார்த்துக்கொண்டிருந்தோர் கண்ணெதிரே மூழ்கியது. முப்பது பேர் அளவில் மாண்டனர்.

வடிவமைப்பில் நேர்ந்த பிழை

போலந்துடன் போர் புரிந்துகொண்டிருந்த மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப், வலிமைமிக்க கப்பலை விரைந்து பெற விரும்பினார். பெரும்பீரங்கிகளை ஏந்தும் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அமைந்தன. பணியைத் தொடங்கிய தலைமைக் கப்பற்கலைஞர் ஹென்ரிக் ஹைபர்ட்சன் 1627இல் இறந்தார். ஹெய்ன் யாக்கப்சன் அப்பணியை முடித்தார்.

கப்பலின் நிலைப்பைக் கணக்கிட்டு அறியும் முறை அக்காலத்தில் உருவாகவில்லை, பட்டறிவே வழிகாட்டியது. நீருக்கு மேலிருந்த பகுதியின் எடை, நீருக்குள் அமிழ்ந்த பகுதி தாங்கத்தக்க அளவினும் மிகுந்துவிட்டது. அடியில் ஏறத்தாழ 120 டன் கற்கள் பாரமாக இடப்பட்டிருந்தன. இன்னும் கற்களைச் சேர்த்தால் கப்பல் மேலும் அமிழும். பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்தை நெருங்கும். ஒரு குறையை நீக்க முயன்றால் மற்றொரு குறை தோன்றும் நிலை அது.

பிற்காலத்தில் அக்கப்பலில் கண்டெடுத்த அளவுகோல்களும் வியப்பூட்டுவன. சில, 12 அங்குலம் கொண்ட சுவீடன் அடியைக் காட்டின. சில, 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடியைக் காட்டின. ஒரே கப்பலை இருவேறு அளவுகளால் செதுக்கியிருக்கின்றனர்!

அறிந்தும் அடங்கிய நா

இவற்றையெல்லாம் அறியாமை என்று கருதி விட்டுவிடலாம். ஆயின், என்னை உறங்கவிடாதது வேறொரு செய்தி. புறப்படுவதற்கு முன்பே ஒரு சோதனை நடந்தது. முப்பது மாலுமிகள் மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஒன்றாக ஓடினர். மூன்று முறை ஓடியதும் கப்பல் அச்சுறுத்தும் அளவிற்கு ஆடியது. கடற்படைத் தலைவர்களுள் ஒருவரான கிளாஸ் ஃபிளெமிங் சோதனையை நிறுத்தச் செய்தார், பயணத்தை நிறுத்தவில்லை. மாலுமிகளை மேற்பார்த்த யோரான் மாட்சன் தம் ஐயத்தை எடுத்துரைத்தார். கப்பலைக் கட்டியவர் முன்பும் கப்பல் கட்டியவரே, கவலை வேண்டா என்னும் கருத்தில் அவருக்கு மறுமொழி கிடைத்தது. மன்னரோ தொலைவில் போர்க்களத்தில் இருந்தார். கப்பல் விரைந்து வருதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்விருப்பத்திற்கு மாறான உண்மையை எவரும் அவரிடம் கொண்டு செல்லவில்லை.

பின்னர் விசாரணை நடந்தது. கப்பல் தலைவர் கடமை தவறவில்லை என்றார். கட்டியவர், மன்னர் ஏற்ற அளவுகளின்படியே கட்டியதாகக் கூறினார். இறுதியில் எவரும் தண்டிக்கப்படவில்லை. குற்றத்தில் ஒவ்வொருவருக்கும் சிறு பங்கு இருந்தது. ஆதலின், முழுக்குற்றம் எவரையும் சேரவில்லை.

வகுப்பறையில் வாஸா

இவ்வரலாற்றை வகுப்பில் கூறும்போதெல்லாம், “தவறு யாருடையது?” என்று மாணவர் வினவுவர். மன்னருடையது என்பர் சிலர். ஃபிளெமிங்குடையது என்பர் பலர். நான் மாட்சனை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். அவர் பேசினார், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. துணிந்து பேசுபவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. அவர் சொல்லுக்குச் செவிகொடுக்கும் மேலோரும் வேண்டும். “எனக்குப் புரியவில்லை, ஐயா” என்று ஒரு மாணவர் எழுந்து சொல்லும்போது, அச்சொல்லை மதிப்பதே ஆசிரியரின் முதற்கடமை என்பதை எனக்கு உணர்த்தியது வாஸாவே.

333 ஆண்டுகள் கடலடியில் கிடந்த அக்கப்பல், 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மேலே கொணரப்பட்டது. இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில், செதுக்கிய சிற்பங்களோடு பேரழகாக நிற்கிறது. உலகெங்கிலுமிருந்து வருவோர் அதன் அழகை வியக்கின்றனர். அவ்வழகில் குறையொன்றும் இல்லை. குறை இருந்தது அடியில். அதைக் கண்டவர்களும் இருந்தனர். உரிய நேரத்தில், உரியவரிடம், அஞ்சாது சொல்லப்பட்டு, செவிமடுக்கப்படும் ஒரு சொல், கப்பலின் அடிப்பாரத்தைப் போன்றது. அது வெளியே தெரிவதில்லை. ஆனால், கவிழாமல் காப்பது அதுவே.