வடிப்பானும் நெய்யரியும்

நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் நெய்யரியைக் கடைநிலை மாணாக்கருக்கு உவமையாக்கியது நன்னூல். மாணாக்கருக்கு இழுக்காகிய அக்குணமே, லினக்ஸ் சர்வரில் யான் பேணிவந்த ஸ்பேம்அசாசின் என்னும் மின்னஞ்சல் வடிப்பானுக்குச் சிறப்பாகும்.

2001-ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மென்பொருள், விதிதோறும் மதிப்பெண் இட்டுக் கூட்டும். கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் வேண்டாத மடல் என முத்திரையிடும். தானே அழிக்காது. அழிக்கும் ஆணையைத் தனியே இட்டவன் யானே. போலி அறிவிப்புகள் பெருகியமையால், ‘உதவித்தொகை’ என்னும் சொல்லுக்கு 5 மதிப்பெண் என விதி எழுதியவனும் யானே. ஏழை மாணவர் ஒருவரின் விண்ணப்பம் அதனால் அழிந்தது. இறுதிநாள் கடந்த பின்னரே அதனை அறிந்தேன். இன்றும் அவ்வருத்தம் தணியவில்லை.

பிறர் எழுதிய விதிகளும் மூப்படையும். 2010-ஆம் ஆண்டை எட்டாத எதிர்காலமாகக் கருதிய விதியொன்று, அவ்வாண்டு பிறந்ததும் நல்ல மடல்களுக்கும் மதிப்பெண் ஏற்றியது. திருத்தம் விரைந்து வந்தும், விதிகளைப் புதுப்பிக்காதோர்க்கு அதனால் பயனில்லை.

ஆதலின், அமைவுக் கோப்பைப் படியெடுத்த பின்னரே புதிய பதிப்பை நிறுவுகின்றேன். ‘லின்ட்’ சோதனையில் பிழையின்மை கண்ட பின்னரே வடிப்பானை மீண்டும் இயக்குகின்றேன். ஐயத்திற்குரிய மடல்கள் இப்பொழுது அழிவதில்லை. தனிப் பெட்டியில் தங்குகின்றன. நாள்தோறும் காலையில் அவற்றைப் படித்துப் பார்க்கின்றேன்.

மாணவ நண்பர்களே, கசடை நிறுத்துவது கருவியின் கடன். அக்கசடினுள் நெய் உண்டோ எனக் காண்பது நம் கடன்.