கிராபிக்ஸ் கார்டு வெளியே வந்த கதை

மடிக்கணினியில் கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். மேசைக் கணினியில் செய்வதுபோல அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட முடியாது. இதற்கு மாற்றுவழிதான் இ-ஜிபியு: மேசைக் கணினிக்கான கார்டைத் தனிப் பெட்டியில், தனி பவர் சப்ளையோடு வைத்து, கேபிள் வழியாக மடிக்கணினியோடு இணைப்பது. இதன் பிறப்பைத் தேடுபவர்கள் பெரும்பாலும் 2016 ஜனவரியோடு நின்றுவிடுகிறார்கள். லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் ரேசர் கோர் என்ற இ-ஜிபியு பெட்டி அறிவிக்கப்பட்ட மாதம் அது. கார்டு இல்லாத வெறும் பெட்டிக்கே 499 டாலர். அது பேர் வாங்கியது உண்மை. முதலில் வந்தது அதுவல்ல.

இன்னும் பின்னால் போனால் 1992 அக்டோபரில் ஆப்பிளின் பவர்புக் டுவோ எதிர்ப்படுகிறது. மூடிய மடிக்கணினியை வீடியோ கேசட் போல டுவோ டாக்குக்குள் தள்ள வேண்டும். டாக்கில் கூடுதல் கார்டுகளை மாட்ட இரண்டு நியூபஸ் ஸ்லாட்டுகள் இருந்தன. அவற்றில் டிஸ்பிளே கார்டும் மாட்டலாம். ஆனால் அன்றைய கார்டின் வேலை பெரிய வண்ணத் திரையை இயக்குவது மட்டுமே. எனவே டுவோவை முன்னோடி என்று சொல்லலாம், மூலம் என்று சொல்ல முடியாது.

மூலம் 2003இல் வந்த எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒரு லேன், அதாவது ஒரு தரவுப் பாதை, முதன்முறையாக மடிக்கணினியின் பக்கவாட்டுக்கு வந்தது அதில்தான். வேகம் நொடிக்கு 250 மெகாபைட். மேசைக் கணினியின் 16 லேன் ஸ்லாட்டுக்கோ 4 ஜிகாபைட். இந்தச் சந்து வழியாகவே 2007இல் ஆசுஸ் தன் எக்ஸ்ஜி ஸ்டேஷன் என்ற இ-ஜிபியு பெட்டியைக் காட்டியது. அது பரவலாக விற்பனைக்கு வரவில்லை. வேலையை முன்னெடுத்தவர்கள் ஆர்வலர்கள். எக்ஸ்பிரஸ்கார்டு இல்லாத கணினியில் அடிமூடியைத் திறந்து, வைஃபை கார்டைப் பிடுங்கி, அந்த மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் அடாப்டரைச் செருகினார்கள். கார்டு மாட்டியாயிற்று என்று நிமிர்ந்தால் விண்டோஸ் 'கோட் 12' என்றது. கார்டு கேட்கும் முகவரி இடத்தை, முதல் 4 ஜிகாபைட்டுக்குள், கணினியைத் துவக்கும் மென்பொருளான பயாஸ் ஒதுக்கி வைக்கவில்லை என்பதே பொதுவான காரணம். தயாரிப்பாளர் நினைத்தே பார்க்காத பயன்பாட்டுக்கு பயாஸ் எப்படித் தயாராக இருக்கும்? இத்தனை பாடும் ஒரே ஒரு லேனுக்காக என்பதுதான் வேடிக்கை.

படம் எந்தத் திரையில் தெரிகிறது என்பதும் முக்கியம். மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே பார்க்க வேண்டுமென்றால், கார்டு உருவாக்கிய படம் அதே கேபிள் வழியே திரும்பி வர வேண்டும். அங்கே வேகம் குறைகிறது. வெளித் திரையைக் கார்டிலேயே நேராக மாட்டினால் அந்த இழப்பு இல்லை. இன்றைக்கும் இதுதான் நிலை.

நிறுவனங்கள் தத்தமக்கென்று கனெக்டர் செய்துகொண்டதில் பல வருடங்கள் வீணாயின. ஏஎம்டியின் எக்ஸ்ஜிபி 2008இல் வந்தது. ஏலியன்வேர் கிராபிக்ஸ் ஆம்ப்ளிஃபையர் 2014இல். ஒன்றின் பெட்டி மற்றொன்றின் மடிக்கணினிக்கு உதவாது. பொதுவான கேபிள் 2015இல் தண்டர்போல்ட் 3 வடிவில் வந்தது: யுஎஸ்பி-சி போர்ட், நொடிக்கு 40 ஜிகாபிட், நான்கு லேன்கள். ஆப்பிளும் 2018இல் மேக்ஓஎஸ் 10.13.4 மூலம் இ-ஜிபியுவுக்கு ஆதரவளித்தது. 2020இல் சொந்த எம்1 சிப்புக்கு மாறியபோது, அந்தக் கணினிகளில் அந்த ஆதரவை விட்டுவிட்டது.

இப்போது தண்டர்போல்ட் 5 நொடிக்கு 80 ஜிகாபிட் தருகிறது. சில சிறிய கணினிகளில், பிசிஐ எக்ஸ்பிரஸை நேராக வெளியே தரும் ஆக்குலிங்க் போர்ட்டும் வருகிறது. இரண்டிலும் கார்டுக்குக் கிடைப்பது நான்கு லேன்கள்தான். பழைய லேன்களைவிட அவை வேகமானவை, அவ்வளவே. இ-ஜிபியு வாங்க நினைப்பவர் கார்டின் விலையை விசாரிப்பதற்கு முன், தன் மடிக்கணினியின் யுஎஸ்பி-சி போர்ட்டில் தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4 உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டிலும் அது இருப்பதில்லை.