கழுவிய சக்கரவர்த்தியும் கழுவக் கொடுத்த சீடரும்



அன்புள்ள மருமகனுக்கு மாமன் எழுதுவது.  

வியன்னா நகரத்து ஹோஃப்பர்க் அரண்மனையைப் பார்க்கப் போன இடத்தில், ஆஸ்திரியச் சக்கரவர்த்திகள் ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று பன்னிரண்டு ஏழைக் கிழவர்களின் பாதங்களைக் கழுவிவந்தார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், அது மெய்யான தாழ்ச்சிதானா, அன்றி முடிதரித்தவர்கள் ஆடிய ஒருநாள் கூத்தா என்று சந்தேகம் பிறந்ததாகவும் எழுதியிருந்தாய். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் விஷயம் விளங்காது. ஆகையால் அந்தச் சடங்கு புறப்பட்ட இடத்தையும் அது நடந்துவந்த வழியையும் சற்று விரித்தே எழுதுகிறேன்.

கடைசி இராவுணவின்போது ஆண்டவர் சேசுநாதர் சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்பதைச் சுவிசேஷகர் நால்வரில் அருளப்பர் ஒருவரே, தமது பதின்மூன்றாம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். புழுதி படிந்த காலோடு வருகிறவனுக்குத் தண்ணீர் வார்த்துக் கழுவிவிடுவது அந்த நாட்டில் அடிமைகளின் வேலை. மேலாடையைக் கழற்றிவைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, குரு அந்த வேலைக்கு இறங்கியபோது சீடரான இராயப்பர் பதறிப்போய்க் காலைக் கொடுக்க மறுத்தார்; கழுவவிடாவிட்டால் தம்மோடு அவருக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் சொன்ன பிறகோ, கால் மட்டும் போதாது, கையும் தலையுங்கூடக் கழுவவேண்டும் என்று கேட்டார். சிறிது நேரத்தில் காட்டிக்கொடுக்க எழுந்து போகவிருந்த யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான். அவன் பாதம் விலக்கப்படவில்லை. இராயப்பரின் அந்த மறுப்பை மனத்தில் வைத்துக்கொள்; பின்னால் அதற்கு வருவோம்.

ஆதித் திருச்சபையில் இது பெரிய வியாழனுக்கு மட்டும் உரிய சடங்காக இருக்கவில்லை. விசுவாசிகளின் பாதங்களைக் கழுவியிருத்தல் ஒரு விதவையின் நற்செயல்களில் ஒன்றாக அர்ச். சின்னப்பர் பெயரால் திமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்திலேயே எண்ணப்படுகிறது. காலம் செல்லச் செல்லச் சில தேசங்களில் குருக்களே இதைக் கைவிட்டபடியால், 694-ல் ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரில் கூடிய சங்கம், பெரிய வியாழனன்று இதைத் தவறாமல் செய்யவேண்டும் என்று விதிக்க நேர்ந்தது. கட்டளையிட்டு நடத்தவேண்டிய நிலைக்கு வந்துவிட்ட தாழ்ச்சி எவ்வளவு தூரம் தாழ்ச்சியாக இருக்கும் என்று நீ கேட்பாய். அதற்கு விடை சங்கங்களிடத்தில் அல்ல, சந்நியாசிகளின் அடுப்பங்கரையில் இருக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டு மோந்தே கசீனோ மலையில் மடம் அமைத்த அர்ச். ஆசீர்வாதப்பர், தம் சந்நியாசிகளுக்கு எழுபத்து மூன்று அதிகாரங்களில் ஓர் ஒழுங்கு வகுத்தார். அதன் ஏழாம் அதிகாரம், தெய்வ பயத்தில் தொடங்கிப் பன்னிரண்டு படிகளாகத் தாழ்ச்சியை விவரிப்பது. ஞான நூலாசிரியர்களில் அதற்கு விரிவுரை எழுதாதவர் அரியர். ஆனால் எனக்கு அதைவிட முப்பத்தைந்தாம் அதிகாரத்தின்மேல்தான் பிரியம் அதிகம். நோயாளிகளும் தவிர்க்கமுடியாத அலுவல் உடையவர்களும் நீங்கலாக, மடத்துச் சகோதரர் எல்லாரும் வாரமுறை வைத்துச் சமையற்கட்டில் வேலை செய்யவேண்டும். முறை முடிகிறவர் சனிக்கிழமையன்று சகோதரர் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைத் துலக்கி, உடையாமல் குறையாமல் உக்கிராணக்காரரிடம் ஒப்படைக்கவேண்டும். பிறகு முறை முடிகிறவரும் முறை ஏற்கிறவருமாக இருவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவவேண்டும். பாத்திரக் கணக்கையும் பாதம் கழுவுவதையும் ஒரே மூச்சில் சொல்லிப்போகும் அந்த ஞானியின் நிதானத்தைக் கவனி! அங்கே வேடிக்கை பார்க்க ஒருவரும் இல்லை. இந்த வாரம் நான் யார் காலைக் கழுவுகிறேனோ, அவரே இன்னொரு வாரம் என் காலைக் கழுவுவார்.

இனி உன் அரண்மனைக்கு வருவோம். 1848 முதல் 1916 வரை அரசாண்ட பிரான்சிஸ் ஜோசப் சக்கரவர்த்தி, நகரத்து ஏழைகளில் தெரிந்தெடுக்கப்பட்ட முதியவர்களை அரண்மனைக்கு வரவழைத்து, அவர்களுக்கு உணவு வைத்து, அரண்மனைப் பரிவாரம் பார்த்திருக்க அவர்கள்முன் முழந்தாளிட்டுப் பாதங்களைக் கழுவி, வெள்ளிக்காசுப் பையும் கொடுத்து அனுப்புவார். அவருடைய உள்ளத்தில் பக்தி இல்லை என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. இருதயத்தை அறிகிறவர் இறைவன் ஒருவரே. ஆனால் சடங்கின் அமைப்பைப் பற்றிச் சொல்லலாம். அங்கே தண்ணீர் ஒரே திசையில் ஓடிற்று. சக்கரவர்த்தி எந்தக் கிழவனிடத்திலும் தம் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. எந்தக் கிழவனும் இராயப்பரைப்போல ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிந்திருக்க முடியாது. ஒருநாள் இறங்கிவந்தது, மற்ற நாளெல்லாம் இருக்கும் உயரத்தை ஊருக்கு நினைவூட்டிற்றே தவிர, அதைக் குறைக்கவில்லை. இதே சடங்கு இருந்த இங்கிலாந்திலோ அரசர்கள் கழுவுவதை விட்டுவிட்டார்கள். காசு கொடுப்பது மட்டும் இன்றளவும் நடந்துவருகிறது.

திருச்சபையும் இந்தச் சடங்கைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. 1955-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பரிசுத்த வாரச் சடங்குகளைச் சீர்ப்படுத்தியபோது, அதுவரை பூசைக்குப் புறம்பாக நடந்துவந்த பாதம் கழுவுதலை, பங்குக் கோவில்களிலும் மாலைப் பூசைக்குள்ளேயே நடத்த இடம்கொடுத்தார். அப்போதும் ஆண்களுக்கே அது உரியதாயிருந்தது. 2013-ல் பாப்பு பிரான்சிஸ் உரோமாபுரியில் ‘காசல் தெல் மார்மோ’ என்னும் இளங்குற்றவாளிகளின் சிறைக்குச் சென்று, பெண்களும் முகமதியரும் உள்ளிட்ட பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். 2016 ஜனவரியில் வெளியான ஆணை, ஆண்கள் மட்டுமே என்ற கட்டுப்பாட்டை நீக்கிற்று. கழுவுகிறவரின் பெருமையைவிட, கழுவப்படுகிறவர் யார் என்பது முக்கியமாகிவிட்டது என்பதே இதில் நான் காணும் விசேஷம்.

அவிலா நகரத்து அர்ச். தெரேசம்மாள், தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பதே என்று விளக்கியிருக்கிறார். நம்மைப்பற்றிய உண்மை என்ன? நாம் பிறருக்கு உதவக்கூடியவர்கள் என்பது அதில் பாதி. பிறர் உதவியின்றி நமக்கு விமோசனமில்லை என்பது மறுபாதி. முதற்பாதியை ஒப்புக்கொள்வதில் ஒருவனுக்கும் வருத்தமில்லை. அது இனிக்கக்கூடச் செய்யும். இராயப்பர் தடுமாறியது இரண்டாம் பாதியில்தான். குருவுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று அதே இரவில் சொன்னவருக்கு, குருவின் கையில் காலைக் கொடுப்பது கடினமாயிருந்தது. கொடுப்பதில் கொஞ்சம் கர்வம் ஒளிந்துகொள்ளலாம். பெறுவதில் அதற்கு ஒளிய இடமில்லை.

சென்ற மாதம் நீ காய்ச்சலில் கிடந்தபோது, கூட இருக்கும் பையன் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து உன் துணிகளையும் துவைத்துப் போட்டதாகவும், அது உனக்குப் பெருங்கூச்சமாக இருந்தபடியால் மறுநாளே அவன் கையில் பணத்தைத் திணித்ததாகவும் உன் அம்மா சொன்னாள். பணத்தைக் கொடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் கடனை உடனே தீர்த்துவிடவேண்டும் என்று உன்னை அவசரப்படுத்தியது எது என்று நீயே விசாரித்துப் பார். அடுத்த முறை நன்றி சொல்லி வாங்கிக்கொள். சமையல்முறை உன்னுடையதாக வரும் வாரத்தில் அவனுக்கும் சேர்த்து உலை வை. உன் அரண்மனைக் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுவே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தாய்மாமன்