வாயைப் பார்த்து வாங்குங்கள்

எங்கள் வீட்டில் கண்ணாடி ஃபிளாஸ்க்குகள் சத்தம் போட்டுத்தான் செத்திருக்கின்றன. ஸ்டீல் ஃபிளாஸ்க் செத்துப்போனதோ எனக்குத் தெரியவே இரண்டு வாரம் ஆனது. வைகை எக்ஸ்பிரஸில் சாமான் வைக்கிற தட்டிலிருந்து ஒருமுறை விழுந்தது. அடியில் லேசான நசுங்கல், அவ்வளவுதானே என்று துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த தடவை திண்டுக்கல் தாண்டி மூடியைத் திறந்தால் காபி வெதுவெதுப்பாக இருக்கிறது. ஃபிளாஸ்க்கின் வெளிப்பக்கம்தான் நல்ல சூடு. மார்கழியில் கையைச் சூடு காட்டிக்கொள்ள ஆகும். மற்றபடி, உடம்பு சுட ஆரம்பித்துவிட்டால் ஃபிளாஸ்க்கின் கதை முடிந்தது. இரண்டு சுவருக்கும் நடுவே இருந்த வெற்றிடத்துக்குள் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் வழியாகக் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதை யாராலும் ஒட்டித் தர முடியாது.

மாதத்துக்கு இரண்டு முறை சென்னை போய்வருகிற வேலை எனக்கு. ரயிலிலும் காபி வரும், குறை சொல்வதற்கில்லை. காபி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம், வீட்டு டிகாக்‌ஷன்தான் இறங்கும். ஆகவே புதிதாக ஒன்று வாங்க அம்மாவையும் அழைத்துக்கொண்டு மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி ஏழெட்டு எடுத்து வரிசையாக வைத்தார். "இது 12 மணி நேரம் சூடு நிக்கும்ணே. இது 24 மணி நேரம்."

"24 மணி நேரம் கழிச்சு யாருப்பா காபி குடிக்கப்போறா?" என்றாள் அம்மா.

தம்பிக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. அம்மா ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து, வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். நாலு விரல் மட்டும் போனவை, மணிக்கட்டு வரை போனவை என்று இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்தாள். நாலு விரல் கட்சியில்தான் அந்த 24 மணி நேரம் இருந்தது. அதைத் தம்பி பக்கமே நகர்த்திவிட்டாள்.

அம்மாவின் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். எண்பதுகளில் எங்கள் வீட்டில் இருந்தது, தகர உடம்பில் பூப்போட்ட கண்ணாடி ஃபிளாஸ்க். மேலே கார்க், அதற்கு மேல் கவிழ்த்து மூடும் கப். உள்ளே கண்ணாடி உடைந்தால் ரீஃபில் மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். அந்த ரீஃபிலை வெளியே எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பளபளவென்று கண்ணாடி போல முகம் காட்டும், அடியில் சின்னதாக ஒரு வால் முனை இருக்கும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் உருக்கி மூடுவார்கள். அது கொஞ்சம் இடிபட்டால் போதும், மொத்தமும் போயிற்று. ஃபிளாஸ்க்கைக் காதருகே வைத்து ஆட்டினால் சலசலவென்று சத்தம் வரும். அதற்கப்புறம் அதில் இருக்கிற காபியை யாரும் தொடக்கூடாது. "கண்ணாடி, கண்ணாடி" என்று வீடே அலறும்.

அந்த ஃபிளாஸ்க்கின் வாய் என் கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கை போகாது, பிரஷ்ஷும் சரியாகப் போகாது. வெந்நீரோடு ஒரு பிடி அரிசியைப் போட்டு அம்மா குலுக்குவாள். சில நாள் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவாள். கொட்டிவிட்டு மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். பெரும்பாலும் முகம் சுளிப்பாள். பாலின் கொழுப்பு தோளுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத வளைவில் படிந்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் நேற்றைய காபி இன்றைய காபியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவு சின்ன வாய் வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. முதலில் ஃபிளாஸ்க்கைச் செய்தவர் காபிக்காகச் செய்யவே இல்லை. ஜேம்ஸ் டியூவர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1892-இல் செய்தது இது. ஆக்சிஜனைக் குளிரவைத்துத் திரவமாக்கிவிட்டார், வைத்துக்கொள்ளப் பாத்திரம் இல்லை. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலேயே கொதித்துப் பறந்துவிடும். அறையின் சூடு அதற்கு அடுப்பு மாதிரி. அதனால் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொன்றை வைத்து, நடுவில் இருந்த காற்றை எடுத்துவிட்டார். வெற்றிடத்தில் சூடு தொற்றிப் பரவ ஆளில்லை. ஒளியைப் போலக் கதிராகப் பாயும் சூட்டைத் திருப்பி அனுப்ப வெள்ளிப் பூச்சு. டியூவர் இதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். ரைன்ஹோல்ட் பர்கர் என்ற ஜெர்மன் கண்ணாடித் தொழிலாளி 1903-இல் வாங்கினார். மறு வருஷம் 'தெர்மோஸ்' என்ற பெயர் வந்தது.

குளிரைக் காக்கப் பிறந்ததை நாம் சூட்டுக்கு வைத்துக்கொண்டோம். ஆனால் தாத்தா கடைசி நாட்களில் தொண்டை வறண்டு கிடந்தபோது, தெருவில் ஃபிரிட்ஜ் இருந்த ஒரே வீட்டிலிருந்து ஐஸ்கட்டி எங்கள் பூப்போட்ட ஃபிளாஸ்க்கில்தான் வந்தது. டியூவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சுவர் வழியாகச் சூடு போகாது என்று ஆனபின் மிச்சம் இருக்கிற பெரிய வழி வாய்தான். உள்சுவரும் வெளிச்சுவரும் சேர்கிற இடம் அது. அதற்கு மேல் உள்ள மூடியில் வெற்றிடம் கிடையாது. வாய் அகன்றால் சூடு சீக்கிரம் கசியும். எனவே 24 மணி நேரம் வேண்டுமென்றால் குறுகிய வாய், கழுவ வேண்டுமென்றால் அகன்ற வாய். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அம்மாவின் கேள்விக்கு மறுபடியும் வருகிறேன்: 24 மணி நேரம் கழித்து யார் குடிக்கப் போகிறார்கள்? மதுரையிலிருந்து சென்னைக்கு வைகையில் ஏழெட்டு மணி நேரம். அகன்ற வாய்க்காரனே அதற்குத் தாங்குவான்.

சூட்டை நிறுத்திவைக்க ஒரு வித்தை இருக்கிறது, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு டீ மாஸ்டர். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன சமயம், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடைக்கு விடியற்காலையில் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போவேன். அவர் "எத்தனை லிட்டர்" என்று கேட்கமாட்டார், "எத்தனை பேருக்கு?" என்பார். ஃபிளாஸ்க்கைக் கையில் வாங்கியதும் பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, அப்படியே ஓரமாக நிறுத்திவைப்பார். இரண்டு பேருக்கு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்து, அந்தத் தண்ணீரைத் தரையில் கொட்டுவார். பிறகு அரை முழ உயரத்திலிருந்து அந்தச் சின்ன வாய்க்குள் நூல் பிடித்த மாதிரி டீயை இறக்குவார், ஒரு சொட்டு வெளியே சிந்தாது. "சட்டி குளுந்து கிடந்தா டீயோட சூட்ட மொதல்ல அதுதான் குடிக்கும் தம்பி" என்பார். அதோடு, கழுத்து வரை ரொப்பித் தருவார். பாதி ஃபிளாஸ்க் டீ முழு ஃபிளாஸ்க்கைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். மூன்று பேருக்குப் போதும் என்று ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கை நீட்டினால் "இதுக்கு ஒரு சின்னது வாங்கிக்கப்பா" என்று திட்டுவார்.

சூடு இருந்தால் காபியும் கெடாது என்று நினைப்பது தப்பு. ஃபிளாஸ்க் காப்பது சூட்டை மட்டும்தான். கலந்த காபி ஆறு மணி நேரம் சூட்டிலேயே கிடந்தால் மணம் போய், கசப்பு ஏறி, பாலில் ஒரு காய்ந்த வாடை வந்துவிடும். டீ இன்னும் மோசம், செம்மண் தண்ணீர் நிறத்துக்கு வந்து நாக்கில் துவர்க்கும். அதைவிடப் பயப்பட வேண்டியது, அரைச் சூட்டில் கிடக்கும் பால். சமைத்த உணவைச் சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இறங்கி, கதகதப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். மத்தியானம் வெதுவெதுப்பாக இருக்கும் காலைக் காபியை, காசு போட்டு வாங்கிய பொடியாயிற்றே என்று குடிக்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.

நான் இப்போது செய்வது இது. கொதிக்கிற பால் மட்டும் ஃபிளாஸ்க்கில். டிகாக்‌ஷன், பழைய மாத்திரைப் பாட்டில் அளவுக்கு ஒரு குட்டிக் கண்ணாடிப் பாட்டிலில், ஆறியே இருக்கட்டும். சர்க்கரை ஒரு காகிதப் பொட்டலத்தில். திருச்சி வருவதற்குள் ஒரு கப், விருத்தாசலத்துக்கு முன்னால் இன்னொரு கப், அத்தோடு பால் தீர்ந்துவிட வேண்டும். அந்தந்த நேரத்தில் கலந்துகொள்வதால் இரண்டாவது கப்பும் இப்போது இறக்கிய காபி மாதிரியே இருக்கும். எதிர் சீட்டில் இருப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு மணம் போய்ச் சேரும். நான் எப்போதும் ஒரு டம்ளர் கூடுதலாகத்தான் கொண்டுபோவது.

கடையில் அந்தத் தம்பி இன்னொரு ஜாதியையும் காட்டினார்: கைப்பிடி வைத்து, மூடியில் சின்ன ஓட்டை வைத்த மக். அப்படியே வாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கலாம். ஆபீஸ் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்களாம். அம்மா அதைத் தொடவே இல்லை. "எச்சில் பண்ணி எச்சில் பண்ணிக் குடிக்கணும்" என்றாள். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடித்து வளர்ந்த வீடு எங்களுடையது. எனக்கு அந்த ஆசாரமெல்லாம் போய் ரொம்ப நாளாகிறது. ஆனாலும் மக் எனக்கும் ஒத்துவராது, காரணம் வேறு. அதில் காபி ஆறுவதற்கு இடமே இல்லை. டவராவில் ஊற்றி நாலு ஆற்று ஆற்றினால் நாக்கு பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். மக்கில் இரண்டு மணி நேரம் கழித்தும் முதல் உறிஞ்சலில் நாக்கு வெந்துபோகும். 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது. பானத்தின் மேல் குற்றமில்லை, சூட்டின் மேல்தான். நம் பாட்டிகள் அதைப் படிக்காமலேயே ஆற்றிக் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், மக்கிலிருந்து பக்கத்து ஆளுக்கு ஊற்றிக் கொடுக்க முடியாது. கவிழ்த்து மூடும் கப் வைத்த ஃபிளாஸ்க், அடுத்தவருக்கும் சேர்த்தே செய்யப்பட்டது.

பட்டனை அழுத்தினால் ஊற்றும் மூடியையும் வேண்டாம் என்றேன். என் பழைய ஃபிளாஸ்க்கில் அதுதான் இருந்தது. சௌகரியம்தான், திறக்காமலே ஊற்றலாம். ஆனால் அந்தப் பட்டனுக்குள் ஒரு ஸ்பிரிங், அதைச் சுற்றி ஒரு சந்து, அந்தச் சந்தில் பால். ஒருநாள் குண்டூசியை விட்டு நெம்பியபோது வெளியே வந்ததை இங்கே எழுத முடியாது. மூடி என்றால் திருகு மூடி, உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய ஒரு வாஷர், அவ்வளவு இருந்தால் போதும். அந்த வாஷரை வாரம் ஒருமுறை சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் வாடை போய்விடும். கழுவிய பின் மூடியை மூடி வைக்காதீர்கள். திறந்தே கிடக்கட்டும்.

கடைசியில் மணிக்கட்டுக் கட்சியிலிருந்து அரை லிட்டர் ஒன்றை எடுத்தோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது, அடியில் 304 என்று இருந்தது; 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் சேர்ந்த ஸ்டீலுக்கு அந்த எண். கடையிலேயே வெந்நீர் வாங்கி ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். ஐந்து நிமிடம் கழித்து உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். எங்கும் சுடவில்லை. மேஜையிலும் ஈரம் இல்லை.

பில் போடும்போது அம்மா வழக்கம்போல, "பேர் வெட்டிக் குடுத்துருப்பா" என்றாள். எங்கள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் கிடையாது. தம்பி மெஷினைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினார். "இதுல வேணாம்மா. வெளித்தகடு மெல்லிசு. ஊசி ஆழமா எறங்கிருச்சுன்னா உள்ள இருக்கற வேக்கம் போயிரும்." அம்மாவுக்குப் பாதி நம்பிக்கைதான். வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் நெயில் பாலிஷை வாங்கி அடியில் இனிஷியலோடு என் பேரை எழுதிவிட்டாள்.

நீங்கள் வாங்கப் போனால் அட்டையில் போட்டிருக்கிற மணிக்கணக்கை அப்புறம் பாருங்கள். முதலில் மூடியைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார், பார்க்கட்டும்.