செந்தூருக்குச் சுமந்து சென்ற பெற்றோர்

தாமிரபரணிக் கரையில் அமைந்த ஸ்ரீவைகுண்டத்தில், 17ஆம் நூற்றாண்டில், சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மைக்கும் மகனாகத் தோன்றியவர் குமரகுருபர சுவாமிகள். ஐந்து வயது வரை அவர் பேசவில்லை. செந்திலாண்டவன் சந்நிதியில் பேசும் வரம் பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வழிவழியாகப் போற்றப்படும் வரலாறு. பொருநைக் கரைக் குடும்பங்களில் ஒரு குழந்தைக்குப் பேச்சுத் தாமதமானால், பெரியோர் வாயில் முதலில் வருவது இத்திருநாமமே.

அவ்வூருக்கு அருகிலுள்ள ஓர் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது. பேரனுக்கு மூன்று வயது நெருங்கியது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். கோயில் யானையைக் கண்டாலும் விரல் நீட்டிக் காட்டமாட்டான். தீபாராதனை மணி ஒலித்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவதிலேயே பொழுதைக் கழிப்பான். ஒன்று இடம் மாறினாலும் அழுகைதான்.

"அத்தை, பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்று, ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்" என்றாள் மருமகள்.

"குமரகுருபரரே ஐந்து வயதில்தானே பேசினார்? நான் சஷ்டி விரதம் இருக்கிறேன். முருகன் பார்த்துக்கொள்வான்" என்றார் பாட்டி. அவர் வாய்விட்டுச் சொல்லாத அச்சமும் ஒன்று உண்டு. பிள்ளைக்கு இப்படி ஒரு குறை என்று வெளியில் தெரிந்தால், மகளுக்குப் பார்த்துவரும் வரன் தட்டிப்போகுமோ?

தாத்தா ஒருநாள் மெல்லக் கேட்டார்: "கவிராயர் தம்பதியர் வீட்டிலிருந்தபடியா காத்திருந்தார்கள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தூருக்குச் சென்று, ஒரு மண்டலம் அங்கேயே தங்கவில்லையா?"

பாட்டியிடம் மறுமொழி இல்லை. அடுத்த வாரம் அனைவரும் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். முதலில் செவித்திறனைச் சோதித்தனர். பின்னர் மருத்துவர் குழந்தையின் விளையாட்டைக் கவனித்தார். வீட்டாரிடம் ஒவ்வொன்றாக வினவினார். புளியங்கொட்டை வரிசையை எடுத்துச் சொன்னவர் பாட்டியே. ஆட்டிசம் என்று உறுதியாயிற்று. பயிற்சி தொடங்கியது, பாட்டியின் சஷ்டி விரதமும் தொடர்கிறது.

பேச்சுத் தாமதம் மட்டுமே ஆட்டிசம் ஆகாது. சில குழந்தைகள் தாமதமாகப் பேசுவர். சிலருக்குக் காது கேளாமை காரணமாகலாம். ஆயினும் பேசாத குழந்தையும் நிலாவைச் சுட்டிக் காட்டும். கண்ணாலேயே தாயை அழைக்கும். 18 மாதம் ஆகியும் இவை இல்லையெனில் காலம் தாழ்த்தாமல் கேட்டறிவதே நலம். இதனைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. எனவே நாள்தோறும் உடனிருந்து பார்க்கும் பெரியோர் சொல்லும் செய்தி மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

ஆட்டிசம் மருந்தால் நீங்கும் நோயன்று. பிறவியிலேயே அமையும் மூளை வளர்ச்சி வேறுபாடு. இளம் வயதிலேயே பயிற்சி தொடங்கினால் தன் தேவையைத் தெரிவிக்கவும், தானே உண்ணவும் உடுத்தவும் கற்பது எளிதாகும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. அதன்வழி உதவிகளைப் பெறவும் முறையான மதிப்பீடு வேண்டும். தாய் பாசம் காட்டாமையே காரணம் என்று மேலைநாட்டு மருத்துவர்கள் சிலர் ஒருகாலத்தில் கூறினர். அக்கருத்து தவறென்று பின்னர் கைவிடப்பட்டது. ஆகவே மருமகளைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

அதே ஆற்றங்கரையில், ஆழ்வார்திருநகரியில், நம்மாழ்வார் 16 ஆண்டுகள் புளியமரத்தடியில் மௌனமாக அமர்ந்திருந்தார் என்பர். பெற்றோர் அவரை மறைத்து வைக்கவில்லை. ஆதிநாதர் சந்நிதிக்குக் கொண்டுவந்து விட்டனர். மதுரகவியார் வந்து வினவியபோது அம்மௌனம் கலைந்தது. அருளாளர்களின் வரலாறும் நம் வீட்டுக் குழந்தைகளின் நிலையும் ஒன்றல்ல. ஆயினும் இவ்விரு வரலாறுகளிலும் பெற்றோர் பிள்ளையை வெளியே அழைத்துவந்தனர். பிரார்த்தனையோடு அந்த முயற்சியும் சேரட்டும். வீட்டில் மூத்தவர் "போய் வாருங்கள்" என்று சொன்னால், இளையோரின் தயக்கம் பாதி தீர்ந்துவிடும்.