தொட்டியில் ஒரு க்ளெமாடிஸ்

பூச்செடிக்கு உரம் போடுவதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? பாக்கெட்டைப் பிரித்தோமா, போட்டோமா, தண்ணீர் ஊற்றினோமா... முடிந்தது! இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் இருக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

க்ளெமாடிஸ் நம் ஊரில் அதிகம் தெரியாத கொடி. உலகில் சுமார் 300 வகைகள் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் அதன் உறவுக்கொடி ஒன்று சின்னச் சின்ன வெளிர் பூக்களோடு தானாகப் படர்கிறது. இங்கிலாந்திலோ இது வீட்டு வேலிக் கொடி. பெரிய ஊதாப் பூ பூக்கும் 'ஜாக்மனீ' என்ற புகழ்பெற்ற ரகம் 1860-களின் தொடக்கத்தில் வந்தது. அதை உருவாக்கிய ஜாக்மன் குடும்பத்தின் நாற்றுப்பண்ணை இருந்ததும் இதே வோக்கிங்கில்தான்.

அந்த டிரைவரின் வீட்டு வேலியிலும் ஒரு ஜாக்மனீ இருந்தது. நட்டது அவர் மனைவி. 28 வருடங்கள் அதைப் பார்த்துக்கொண்டதும் அந்த அம்மாதான். மார்ச் மாதம் கொடியைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டுவார். ஒரு கைப்பிடி பொது உரம் தூவுவார். மட்கிய தொழு உரத்தைத் தண்டில் படாமல் சுற்றிலும் பரப்புவார். அவ்வளவுதான், ஜூலையில் வேலியே தெரியாமல் பூத்துவிடும்.

அந்த அம்மா இறந்த பிறகு, மாடிப்படி உள்ள அந்தப் பெரிய வீட்டில் அவரால் தனியாக இருக்க முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு, சின்ன பால்கனி உள்ள ஒரு ஃப்ளாட்டுக்குப் போனார். வேரூன்றிய கொடியைப் பிடுங்கினால் பிழைக்குமா என்று பயம். ஆனால் அந்த அம்மா கடைசி வருடத்தில் ஒரு தண்டை வளைத்து, பக்கத்தில் இருந்த தொட்டியில் பதியன் போட்டு, மேலே ஒரு கல்லும் வைத்திருந்தார். அது வேர் பிடித்திருந்தது. அந்தத் தொட்டியை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

முதல் வருடம் மனைவி செய்ததை அப்படியே செய்தார். மார்ச்சில் ஒரு முறை உரம், பிறகு தண்ணீர் மட்டும். ஜூன் மாதமே இலைகள் வெளிறின. அந்தக் கோடை முழுவதும் பூத்தது நான்கே பூ.

ஏன் அப்படி? தரையில் இருக்கும் கொடி சொந்த வீட்டில் இருப்பவர் மாதிரி. பசித்தால் அடுப்படியில் ஏதாவது கிடைக்கும். வேர் தூரம் போய்த் தேடும். களிமண்ணும் மட்கும் சத்தைப் பிடித்து வைத்திருக்கும். மண்புழுவும் நுண்ணுயிரும் மட்கை உணவாக மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தொட்டிக் கொடி ஹாஸ்டல் மாணவன் மாதிரி! மெஸ்ஸில் போட்டால்தான் சாப்பாடு. வேருக்குப் போக இடமில்லை. ஊற்றும் தண்ணீர் அடித்துளை வழியாக வெளியேறும்போதெல்லாம் சத்தையும், முக்கியமாக நைட்ரேட்டையும், கூடவே கொண்டுபோகிறது.

இரண்டாம் வருடம் அவர் நேர் எதிராகப் போனார். தான் பட்டினி போட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வு. திரவ உரத்தை இரண்டு மடங்கு கலந்து வாரம் இரு முறை ஊற்றினார். மிச்சமிருந்த புல்தரை உரத்தையும் தூவினார். முதலில் கொடி தளதளவென்று ஏறியது. அதில் இருந்த அதிகமான நைட்ரஜன் இலையைத்தான் வளர்த்தது, பூவை அல்ல. பிறகு இலை ஓரங்கள் தீய்ந்தது போலக் கருகின. தொட்டி மண்ணில் உப்பு ஏறினால், வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும்! அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் உரம் ஊற்றினார் அவர்...

தெருமுனை நாற்றுக்கடைக்காரர் ஒரு கருகிய இலையைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "நீங்கள் இதைப் பட்டினி போடவில்லை. திணிக்கிறீர்கள்."

அன்றே உரம் நின்றது. வெறும் தண்ணீரை அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை பல முறை ஊற்றி, உப்பைக் கழுவினார். அடுத்த வசந்தத்தில் 45 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள தொட்டிக்கு மாற்றினார். புது மண்கலவைக்கு 'ஜான் இன்னஸ் 3' வாங்கினார். இது 1930-களில் லண்டனுக்கு அருகே ஒரு தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் உருவான கலவை முறை. முதல் எண் கலவையைப் போல மூன்று மடங்கு உரம் இதில் உண்டு. அந்தக் கையிருப்பு குறையும்வரை எதுவும் ஊற்றவில்லை. பிறகு தக்காளிக்குப் போடும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரம், லேபிளில் சொன்ன அளவு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மண் காய்ந்திருந்தால் முதலில் தண்ணீர், பிறகுதான் உரம். மொட்டு விரியத் தொடங்கியதும் நிறுத்தினார். அப்போது தொடர்ந்து ஊட்டினால் பூக்கள் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். இலையுதிர் காலத்தில் உரமே இல்லை. குளிருக்கு முன் இளந்தளிர் விட்டால் கருகிவிடும் அல்லவா?

அந்த ஜூலையில் பால்கனிக் கம்பியில் ஊதாப் பூக்கள் வரிசையாக விரிந்தன. பழைய வேலி அளவுக்கு இல்லை. ஆனால் அதே ஊதா, அதே பூ.

மனைவி செய்ததை அப்படியே செய்தபோதும் கொடி வாடியது. அள்ளிக் கொடுத்தபோதும் வாடியது. இரண்டு முறையும் அவருக்கு அன்பு குறையவில்லை. கொடி இப்போது எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க மறந்துவிட்டார்.

உங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் ஒரு மல்லிச் செடி வாடி நிற்கிறதா? உரப் பாக்கெட்டை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அது பசியா, திகட்டலா?